போறணையில் சுட்ட மண்

கூனி இறாலைச் சுண்டித் தேங்காய்ப்பூ போட்டுத் தின்கிற ஊரிலே, கூனிக்குக் கண்ணாடி வீடு கட்டிக் கொடுத்தவள் சீதேவிப்பிள்ளை ஒருத்திதான். ஊர் சிரித்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தை மாதத்தில் எங்களுக்குச் சிரிப்பதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சமாதான காலம் என்று பேர். காவலரண்கள் என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகையால் குருக்கள்மடத்துச் சனம் வேலிக்கு வேலி நின்று ஆறுதலாகச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அவள் வளர்த்தது நம்முடைய ஆற்றுக் கூனி அல்ல. (வாவியை இங்கே யாரும் வாவி என்பதில்லை, ஆறுதான்.) இது நன்னீரில் வாழ்வது. விரல் நகத்தளவு உடம்பிலே சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்டிருக்கும். ஏறாவூர் அப்துல் கபூரை எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்பார்கள், மீன் வியாபாரி. அழகு மீன் மட்டும்தான் விற்பார். அவர்தான் நாற்பது தாய்க்கூனிகளைக் காற்று நிரப்பிய பையில் கொண்டுவந்து, நாலு கண்ணாடித் தொட்டியோடு அவளிடம் ஒப்படைத்தார். வெளிநாட்டில் இதை வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மாசி முடிவதற்குள் குஞ்சு பொரித்துக் காட்டினால், கொழும்பில் இருக்கிற ஏற்றுமதிக்காரர் தொடர்ந்து வாங்குவாராம்.

சீதேவிப்பிள்ளைக்கு இது விளையாட்டு வேலையில்லை. அவளுடைய புருஷன் வல்லிபுரத்தின் முழங்காலுக்குள் தொண்ணூறாம் ஆண்டு புகுந்த ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. தோணியில் நின்று வலை வீச அந்தக் கால் இப்போது விடுவதில்லை. அதனால் அவளுக்குப் பாஸ்போட் எடுத்தாயிற்று. குவைத்தில் ஒரு வீட்டு வேலை. மாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் வான் கொண்டுவந்து ஏற்றிப்போவார். மகளுக்கு இரண்டு வயது, இன்னும் பால் மறக்கவில்லை.

"கூனி பிழைச்சா நான் போகமாட்டன். செத்தாப் போவன்" என்று அவள் புருஷனிடம் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

தை பத்துக்குள் நாற்பதில் பதினாறு செத்துப்போயின. காலையில் பார்த்தால் இரண்டு, மூன்று என்று அவித்த இறாலின் நிறத்தில் ஒருக்களித்துக் கிடக்கும். சீதேவிப்பிள்ளை சிரட்டையால் கோலி எடுத்து வாழையடியில் போடுவாள்.

மற்றப் பக்கத்து வளவு அவளுடைய அக்கா கண்ணகையினுடையது. தாய் சீதனமாகக் கொடுத்த இரண்டு வளவுகளுக்கும் நடுவில், வேலியில் ஆள் நுழைகிற ஒரு கடப்பு மட்டும் உண்டு. கண்ணகையின் வாய்க்கு அந்தக் கடப்புக்கூடத் தேவையில்லை.

"இண்டைக்கி எத்தின கா?" என்று கேட்டாள் கண்ணகை. (எங்கள் ஊரில் கா என்பது அடி என்பது மாதிரி.)

"மூண்டு."

"மூண்டையும் இஞ்சால தா. வெங்காயம் போட்டு வறுப்பம்."

"உனக்கு வாய் சும்மா கிடக்காதா அக்கா?"

"எனக்கென்ன கா, நான் கேக்கிறதத்தான் ஊரே கேக்குது. எங்கட வயல்வட்டை வாய்க்கால்ல, மருதமரத்தடியில கூனி கும்பல் கும்பலா நிக்குது. அதுக்கு ஆர் கண்ணாடித் தொட்டி வச்ச? ஆருட்டக் கேட்டு அது வளருது? நீ வளத்தா மட்டும் ஏன் சாகுது?"

தொட்டியருகில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வல்லிபுரம்தான் வாய் திறந்தான்.

"ஊரி காணாதாக்கும் புள்ள. இன்னும் ரெண்டு சிரட்டை போடுவமா?"

ஊரி என்றால் ஆற்றங்கரையில் குவிந்து கிடக்கிற சிறு சிப்பி. தொட்டிகளின் அடியில் பரப்பியிருந்தது முழுக்க அதுதான். வல்லிபுரம் நொண்டி நொண்டிப் போய்ப் பொறுக்கி, ஏழு தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துப் போட்டிருந்தான். பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது.

"ஊரி இல்லாம இறால் எப்பிடி ஓடு கட்டும்? ஆத்துல பார், ஊரி கிடக்கிற இடத்துலதான் மொய்க்கும். நான் முப்பது வருசமா இறால் புடிச்சவன்" என்றான்.

அது மெய்தான். ஆற்றிலே பிறந்து வளர்ந்த எங்களில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்போம். இன்னும் இரண்டு சிரட்டை போட்டார்கள். மறுநாள் ஏழு செத்தது.

கண்ணகையின் கொழுந்தனுக்குத் தையில்தான் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள் என்று கண்ணகை விடியலில் இருந்தே பறந்துகொண்டு நின்றாள். கோழிக்கறி, கணவாய்ப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல் என்று அடுக்களை அமளிப்பட்டது. மாப்பிள்ளை பெண்ணின் சைக்கிள் ஒழுங்கைமுனையில் திரும்பியபோதுதான் ஆலாத்தித் தட்டுக்குத் தண்ணீர் எடுக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. கிணற்றுக்கு ஓட நேரமில்லை. கடப்புக்குள் கையை நீட்டினால் தங்கையின் வாளி. கூனித் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றும்போது அன்று காலை தொட்டியிலிருந்து அள்ளி வைத்த பழைய தண்ணீர். கேட்காமல் கொள்ளாமல் ஒரு செம்பு மொண்டாள்.

தட்டில் ஊற்றி மஞ்சள் தூளைப் போட்டாள். சுண்ணாம்பு விட்டுக் கலக்கினால்தானே ஆலாத்தி சிவக்கும். இது மஞ்சளைப் போட்டதும் போடாததுமாகச் செங்கல் நிறத்தில் சிவந்து வந்தது.

"ஆரு கா இதுக்குள்ள சுண்ணாம்பு போட்ட?" கண்ணகை போட்ட சத்தத்தில் புதுப்பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆரும் போடல்ல" என்று சீதேவிப்பிள்ளை கடப்பால் எட்டிப் பார்த்தாள்.

"போடாமச் சிவக்குமா? இஞ்ச பார், சுண்ணாம்புக் கரண்டகம் என்ட கையிலதான் இரிக்கி. இன்னும் திறக்கவேயில்ல! அம்மாளே, நல்ல நாளும் பெருநாளுமா இதென்ன சோதனை?"

சீதேவிப்பிள்ளை தட்டைப் பார்த்தாள், கரண்டகத்தைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணி எங்கால எடுத்த?"

"உன்ட வாளியாலதான். ஏன், அதுக்கும் உன்னட்டக் கேக்கோணுமா?"

அவள் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டு ஊரி ஒரு பிடி அள்ளினாள். ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாலாவது ஊரியில் நாக்கு சுரீரென்றது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் வருகிற அதே எரிச்சல்.

"இஞ்சருங்க, இத எங்க அள்ளின நீங்க?"

வல்லிபுரம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். "சூளையடியில. சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால ஒரு குவியல் கிடந்திச்சி. ஆத்தங்கரையில கிடக்கிறது சேறு. அதுதான் வெள்ளையா இரிந்திச்சி எண்டு..."

சூளையில் அரைவேக்காடாக வெந்து ஒதுக்கிய ஊரி. ஏழு தண்ணீரில் அல்ல, எழுபது தண்ணீரில் கழுவினாலும் அதற்குள் இருக்கிற சுண்ணாம்பு போகுமா? தன் கையாலேயே கூனிகளைக் கொன்றிருக்கிறான் என்பது விளங்கியதும் அந்த மனிசன் தரையில் குந்திவிட்டான். வேறொருத்தி என்றால் ஊரைக் கூட்டியிருப்பாள். நான் என்றாலும் கூட்டியிருப்பேன்.

"வெள்ளையா இரிக்கிறதத்தானே ஆரும் எடுப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உயிரோடு இருந்தவற்றை மழைத்தண்ணீர் நிரப்பிய சட்டிக்கு மாற்றத் தொடங்கினாள். எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

மூன்றாம் நாள் அப்துல் கபூர் சைக்கிளில் மீன் பைகள் வைக்கிற பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கியவர் சட்டியைப் பார்த்துக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

"நாப்பது தந்தன் தங்கச்சி."

"தெரியும் காக்கா. ஊரி போட்டது பிழை."

"ஊரியா? யா அல்லாஹ்! இது மலையோடைக் கூனி. இதுக்குச் சுண்ணாம்புச் சத்தில்லாத மெதுத்தண்ணி வேணும்."

"மழைத்தண்ணி மெதுத்தண்ணிதானே?"

"ஓம், மெதுதான். ஆனா அதுக்குப் புடிமானம் இல்ல. காலையில ஒரு குணம், பின்னேரம் ஒரு குணம். கூனி ஒரு நாளைக்கி ரெண்டு தரம் குணம் மாறுற தண்ணியில இரிக்காது. அடியில போடுற மண்ணுதான் தண்ணிய ஒரே குணத்துல புடிச்சி வச்சிரிக்கோணும். வெளிநாட்டுல கறுத்த மண்ணச் சுட்டுக் குறுணியாக்கிப் பெக்கட்ல விக்கிறானுகள். கொழும்புலயே கிடைக்கிறது கஷ்டம், இஞ்ச எங்க வரப்போகுது?"

"மண்ணச் சுட்டா செங்கல்லாயிரும்."

"செங்கல்லாகப்படா. பச்சையாயும் இரிக்கப்படா. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல எண்டா எப்பிடிக் காக்கா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்த வெயிலுக்குள்ள சைக்கிள் மிதிக்கிறன்?"

போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "மாசிக் கடைசிக்குள்ள குஞ்சக் காட்டு தங்கச்சி. இல்லாட்டி இதுகள நான் மண்டூர்ல ஒரு ஆளுக்குக் குடுக்கோணும். என்னைக் கோவிக்காத" என்றார்.

எந்த மண் என்று எப்படிப் பார்ப்பது? மஞ்சள் சுண்ணாம்பை மட்டும்தான் காட்டும். சீதேவிப்பிள்ளை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர் செவ்வரத்தம்பூவைக் கசக்கிச் சாறெடுத்து, தேசிக்காய்ப்புளி விட்டால் றோஸ் நிறமாகவும் சவர்க்காரத்தண்ணி விட்டால் பச்சையாகவும் மாறுவதைக் காட்டியிருந்தார். அதுதான் அவள் படித்த கடைசிப் பாடம். அந்தக் கிழமையே சண்டை தொடங்கிப் பள்ளிக்கூடம் அகதி முகாமாகி, அவள் இருந்து படித்த வாங்குப் பலகையில் யாரோ பிள்ளை பெற்றார்கள். பாதியில் நின்றுபோன படிப்பு பதின்மூன்று வருஷம் கழித்து அவளுக்குக் கை கொடுத்தது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

வேலியோரத்துச் செவ்வரத்தை மொட்டையாயிற்று. முற்றம் முழுக்கச் சிரட்டைகள். கடற்கரை மணல், புற்றுமண், கிறவல் என்று ஊரில் உள்ள மண்ணெல்லாம் மழைத்தண்ணீரில் ஊறின. சுண்ணாம்பு இருந்தால் பச்சை, கூனிக்கு ஏற்ற தண்ணீர் என்றால் றோஸ். ஒன்று பச்சை காட்டியது, ஒன்று ஒன்றுமே காட்டவில்லை. கடைசியில் அவளுக்கு உறைத்தது அக்காவின் வாய்தான். வட்டை வாய்க்கால்ல, மருதமரத்தடியில, ஆருட்டக் கேட்டு வளருது?

அவர்களுடைய வயல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. அது இயக்கத்தின் கட்டுப்பாடு. இந்தக் கரை ஆமியின் கட்டுப்பாடு. புருஷனும் பெண்சாதியும் அம்பிளாந்துறைக்குப் பாதையேறினார்கள். பாதை என்பது ஆளையும் சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகு. கதிர் முற்றிய வயலுக்குள் நடந்து, மருதமரத்து வேருக்கடியில், வருஷக்கணக்காக இலை உதிர்ந்து மக்கிய கறுத்தக் களியை வல்லிபுரம் முழங்கையளவு ஆழத்தில் தோண்டினான். அதே இடத்தில் பூச்சாறு விட்டாள். மெல்லிய றோஸ் நிறம்.

திரும்பி வரும்போது காவலரணில் உரப்பையை இறக்கச் சொன்னார்கள். சிப்பாய் கம்பியால் குத்திப் பார்த்தான்.

"மண்ணா?"

"ஓம், மண்."

"ஏன், இந்தப் பக்கம் மண் இல்லையா?"

இறாலுக்குச் சிங்களத்தில் இஸ்ஸோ என்பது அவளுக்குத் தெரியும். "இஸ்ஸோக்கு. இஸ்ஸோ படுக்க" என்று கன்னத்தில் கையை வைத்துப் படுத்துக் காட்டினாள். சிப்பாய் மற்றவனைக் கூப்பிட்டுச் சொன்னான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கம்பியால் குத்தியவனே பையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தும் விட்டான்.

சுடுவதுதான் பெரும் பாடாகப் போயிற்று. மிளகளவு உருட்டி வெயிலில் காயவைத்துப் போட்டாள். தண்ணீரில் மாவாகக் கரைந்தது. உமி மூட்டத்தில் சுட்டாள். சாம்பல் ஒட்டி, பூச்சாறு பச்சையாயிற்று. அடுப்பில் வைத்துச் சுட்டாள். ஓட்டுத்துண்டாகி, எந்தக் குணமும் இல்லாமல் கிடந்தது. மாசி பிறக்க ஒரு கிழமைதான் இருந்தது. அன்று காலை பாண் வாங்கப் போனவள் கோணாமலையின் பேக்கரியில், பாண் எடுத்து முடிந்த பெரிய செங்கல் அடுப்பின், அந்தப் போறணையின், வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, றாத்தல் பாண் வாங்கியாச்சி. இன்னும் என்ன?"

"அண்ணன், போறணைச் சூடு இப்ப சும்மாதானே போகுது?"

"ஓம். பின்னேரம் பணிஸ் போடுமட்டும் சும்மாதான். ஏன்?"

"எனக்குக் கொஞ்சம் மண் சுடோணும்."

கோணாமலை மாப்பிடித்த கையை இடுப்பில் ஊன்றினான். "பாண் சுடுற போறணையில மண்ணா? பணிசுல மண் கடிபட்டா சனம் என்ட கடைய உடைச்சிப் போடும்."

"தகரத்தட்டு நான் கொண்டுவாறன். மூடியும் போடுறன்."

"மணம் வராதா?"

"மழை பெஞ்ச மணம்தான் வரும்."

"நீயும் உன்ட கூனியும்! வேற ஆக்களுக்கு விசர் வந்தா வீட்டோட இரிக்கும். உனக்கு வந்த விசர் பேக்கரிக்கு வந்திரிக்கி" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "உன்ட பயணம் எப்ப?" என்றான்.

"கடைசிச் செவ்வாய்."

கோணாமலையின் பெண்சாதி மங்கையற்கரசி சவூதிக்குப் போய் நாலு வருஷம். "போன மாசம் கோல் எடுத்தவ. சின்னவனுட்டக் குடுத்தன். அவன் என்னைப் பாத்து, ஆரப்பா கதைக்கிறது எண்டு கேக்கிறான்" என்றான். முகத்தை மாக்கையாலேயே துடைத்துக்கொண்டான். "போய்க் கொண்டா. எத்தின தட்டு?"

அதன் பிறகு அவளைவிட அவன்தான் வெறியாக நின்றான். நெருப்பை இழுத்த கையோடு ஒரு தட்டு, பாண் எடுத்த பிறகு ஒரு தட்டு. போறணைத் தரையில் ஒரு சிட்டிகை மாவை எறிந்து, அது எத்தனை எண்ணுவதற்குள் கருகுகிறது என்று பார்த்துச் சூட்டைச் சொல்லுவான். முதல் நாள் வைத்தது கரைந்தது. இரண்டாம் நாள் வைத்தது பாதி நின்றது. மூன்றாம் நாள், "மா பத்துக்குக் கறுக்கிற சூட்டுல, பின்மூலையில, நாலு மணித்தியாலம்" என்று சொல்லி எடுத்த உருண்டைகள் தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தும் அசையவில்லை. நகத்தால் அழுத்தினால் மட்டும் உடைந்தன. இதுதான் நடு.

பூச்சாறு விட்டாள், றோஸ். இரண்டாம் நாளும் அதே றோஸ். மூன்றாம் நாள் வேண்டுமென்றே ஒரு சூளையடி ஊரியை எடுத்து அந்தச் சிரட்டைக்குள் போட்டாள். மண் போடாத சிரட்டைக்குள்ளும் ஒன்று போட்டாள். மண் இல்லாதது பின்னேரத்துக்குள் பச்சையாயிற்று. மண் கிடந்த சிரட்டை மறுநாள் காலையிலும் நிறம் மாறவில்லை.

"புடிச்சி வச்சிரிக்கி!" என்று அவள் கத்திய கத்தலில் கண்ணகை அகப்பையோடு ஓடிவந்தாள்.

மாசி இரண்டாம் திகதி கறுத்த மண் பரப்பிய தொட்டியில் பதினொரு கூனிகளும் இறங்கின. ஒரு கிழமையில் மூன்றின் வயிற்றில் முட்டை தெரிந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் நாட்கள் மட்டும் ஓடின. கடைசித் திங்கட்கிழமை பின்னேரம் பார்த்தால் மூன்று தாய்க்கூனிகளின் வயிறும் வெறுமையாகக் கிடந்தது. முட்டையும் இல்லை, குஞ்சும் கண்ணில் படவில்லை.

"தாயே திண்டுத்து போல" என்றாள் கண்ணகை. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

சீதேவிப்பிள்ளை பயணப் பையைக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வான் வந்து ஹோர்ன் அடித்தது. மகளைக் கண்ணகையின் கையில் கொடுத்தாள். பிள்ளை சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏஜென்ட் இறங்கி வாசலுக்கு வந்தார். வல்லிபுரத்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய்த் தொட்டிக்கு முன்னால், சரியில்லாத காலை நீட்டி, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டான். வெயில் யன்னலால் சரிந்து தொட்டியில் விழுந்தது. இறால் பிடித்த கண் அல்லவா, கண்ணாடியோடு மூக்கை வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தான். கறுத்த உருண்டையொன்றின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு. பொட்டு நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொரு பொட்டிலும் மயிரளவு சிவப்பு வரி.

"புள்ள!"

வாசலில் நின்ற எல்லோரும் திடுக்கிட்டோம்.

"புள்ள, ஓடி வா! குஞ்சு! அம்பதுக்கு மேல எண்ணித்தன், இன்னும் கிடக்கு! மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடக்கு!"

சீதேவிப்பிள்ளை ஓடிப்போய் அவனுக்குப் பக்கத்தில் புதுச் சேலையோடு தரையில் விழுந்தாள். வெள்ளை ஊரியில் என்றால் அவற்றை யாருமே கண்டிருக்க மாட்டார்கள். பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"நேரம் போகுது. டிக்கற் போட்டாச்சி" என்றார் ஏஜென்ட்.

கண்ணகை பிள்ளையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவ வரமாட்டா. இந்த ஒண்டோட சேத்து அவக்கு இப்ப நூறு புள்ள. நூறு புள்ளைக்காரிய எங்க ஏத்திப் போகப்போறீங்க? டிக்கற் போட்டா நீங்களே போங்க!"

வான் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஒழுங்கைமுனையில் கோணாமலை பாண் சைக்கிளோடு ஒதுங்கி அதற்கு வழி விட்டான். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை என்று கண்டதும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடிவந்தான். தொட்டிக்கு முன்னால் குந்தி, நெடுநேரம் பார்த்தான். எழும்பும்போது அவனுடைய முகம் வேறாக இருந்தது.

"தங்கச்சி, எங்கட வீட்டு விறாந்தையில எத்தின தொட்டி வைக்கலாம்?"

"ஆறு வைக்கலாம் அண்ணன். மண் நான் உருட்டித் தாறன். ஆனா பாக்கிறதுக்கு ஆர் இரிக்காங்க?"

"மங்கையற்கரசிய வரச் சொல்லி இண்டைக்கே கோல் எடுக்கப் போறன்" என்றான் கோணாமலை. "நாளைக்கிப் போறணைக்குள்ள ரெண்டு தட்டு கூட வைப்பம்."